ஈ, தா, கொடு: சிறுநீரகக் கொடையாளரைத் தேடுதலும் தமிழ்க் கொடை மரபும்

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் மிகுதியாகப் பாடப்பெற்ற அறங்களுள் கொடை முதன்மையானது. சங்கப் புறப்பாடல்கள் தொடங்கிப் பெரியபுராணம் வரையில் ஈவோரின் பெருமை பல்வேறு வகைகளில் போற்றப்பட்டுள்ளது. இரப்போரின் நிலையும் பாணாற்றுப்படை, புலவராற்றுப்படை முதலிய துறைகளில் விரிவாக இடம்பெற்றுள்ளது. இவ்விருவருக்கும் இடையே நிற்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர், கேட்கப்பட்டும் கொடாதவர். அவரைப் பற்றிய ஆய்வு போதிய அளவில் நிகழவில்லை. இன்று சிறுநீரகம் செயலிழந்தவர் உயிருடன் உள்ள ஒருவரிடம் சிறுநீரகத்தைப் பெற வேண்டிய நிலையில், இம்மூன்றாமவரே அறவியலின் மையத்துக்கு வந்துள்ளார்.

உறுப்புக் கொடை பற்றிய மேடைப் பேச்சுகளிலும் சுவரொட்டிகளிலும் பழந்தமிழ்க் கொடைச் செய்திகள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அன்புடையார் தம் என்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்னும் வள்ளுவர் கருத்தும், சிபி, கண்ணப்பர் ஆகியோர் வரலாறுகளும் அவற்றுள் அடிக்கடி இடம்பெறுகின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை வழங்குமாறு வேண்டும்போது இவ்வெடுத்தாளல் பொருந்தும். உயிருள்ள உறவினர் ஒருவரை நோக்கி இவையே கூறப்படும்போது, இவை அறவுரை என்னும் நிலையிலிருந்து நெருக்குதல் என்னும் நிலைக்கு மாறக்கூடும். தமிழ்க் கொடை மரபு உண்மையில் அத்தகைய நெருக்குதலுக்கு இடம் தருகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேடலின் இன்றைய நிலை

1954ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே தலைமையில், ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை அதுவே. இந்தியாவில் 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது வெற்றியுடன் நிகழ்த்தப்பட்டது. இரண்டிலும் சிறுநீரகத்தை வழங்கியவர் உயிருடன் இருந்தவர் என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டம் சிறப்புற நடைபெற்று வருகிறது. எனினும் இந்தியா முழுவதையும் நோக்கின் சிறுநீரக மாற்றுகளுள் பெரும்பான்மை உயிருள்ளோர் கொடையாலேயே நிகழ்கின்றன.

இத்தேடலுக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவினர் என வரையறுத்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் பாட்டன், பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் அவ்வரையறையுள் சேர்த்தது. தத்தம் உறவினருக்குப் பொருந்தாத சிறுநீரகத்தை இரு குடும்பத்தார் தமக்குள் மாற்றிக்கொள்ளவும் அத்திருத்தம் வழிசெய்தது. உறவினர் அல்லாதார் வழங்க முன்வரின், பெறுபவர்பால் கொண்ட அன்பு அல்லது பற்றே அதற்குக் காரணம் என்பதையோ வேறு சிறப்புக் காரணத்தையோ அங்கீகாரக் குழுவின் முன் நிறுவுதல் வேண்டும். பணம் பெறுதலும் தருதலும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

ஆகவே சிறுநீரகம் வேண்டுவோரின் தேடல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், இயந்திரத்தின்வழிக் குருதியைத் தூய்மைசெய்யும் டயாலிசிஸ் முறையில் வாழும் ஒருவர், நாள்தோறும் தம்முடன் உண்டு உறையும் ஒருவரிடமே இதனைக் கேட்க வேண்டியுள்ளது. சங்கப் புலவன் ஒரு வள்ளல் மறுத்தால் வேறொரு வள்ளலை நாடிச் செல்லலாம். நோயாளிக்கோ கேட்கத்தக்கவர் நால்வர் அல்லது ஐவரே. மறுத்தவருடனும் அவர் தொடர்ந்து வாழ வேண்டும்.

கேட்டலின் மொழி

கேட்டல் என்னும் செயலைத் தமிழ் இலக்கணம் நுட்பமாக வகைப்படுத்தியுள்ளது. தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் இரத்தற் சொற்களாகக் கொள்கிறார். அவற்றுள் ஈ என்பதைத் தாழ்ந்தவனின் கூற்றாகவும், தா என்பதை ஒத்தவனின் கூற்றாகவும், கொடு என்பதை உயர்ந்தவனின் கூற்றாகவும் வரையறுக்கிறார். கொடு என்பது படர்க்கைக்குரிய சொல்லாயினும், உயர்ந்தவன் தன்னையே பிறன்போலக் கூறும் குறிப்பினால் தன்னிடத்தும் வழங்கும் என்பதும் அவர் கருத்து.

இவ்விலக்கணம் சிறுநீரகத் தேடலின் உளவியலை விளக்கப் பெரிதும் துணைபுரிகிறது. நோயாளி தாமே கேட்பது அரிது. அவர் பொருட்டுப் பெரியப்பாவோ மாமனாரோ மூத்த அண்ணனோ மருமகளிடம், “அவனுக்குக் கொடு” என்பர். கேட்பவர் பேச்சில் நோயாளி படர்க்கையாகிறார். கேட்கும் இழிவு நோயாளியைச் சாராமல் தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில் கேட்பு ஏவலாக மாறிவிடுகிறது. கொடு என்பதை உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியர் வகுத்ததன் ஆழம் இங்குப் புலனாகும். ஏவலை மறுப்பது கீழ்ப்படியாமையாகக் கொள்ளப்படும்.

ஈ என்று கேட்பதிலும் இடர்ப்பாடு உண்டு. தாய் மகனிடமும், கணவன் மனைவியிடமும் தம்மைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும்போது, கேட்கப்படுபவருக்கு மறுக்கும் துணிவு எழுவதில்லை. எஞ்சுவது ஒப்போன் கூற்றாகிய தா என்பதேயாகும். ஒத்தவனிடம் கேட்கலாம், ஒத்தவன் மறுக்கலாம், மறுத்த பின்னும் இருவரும் ஒத்தவராகவே இருக்கலாம். சட்டமும் மருத்துவ அறவியலும் வேண்டும் தன்னிச்சையான ஒப்புதல் என்பது இம்மூன்றனுள் தா என்னும் சொல்லின் களத்திலேயே இயல்வதாகும்.

கேளாமல் கொடுத்தோர்

தமிழ் இலக்கியத்தில் உடலையோ உடலின் உறுப்பையோ வழங்கிய செய்திகளைக் கேளாமல் கொடுத்தவை, கேட்கப்பட்டுக் கொடுத்தவை என இரண்டாகப் பகுக்கலாம். இப்பகுப்பு இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

சிபியின் செய்தி புறநானூற்றில் சோழர் முன்னோன் பெருமையாகப் பலவிடங்களில் (புறம். 37, 39, 43, 46) வருகிறது. 43ஆம் பாடலில், பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவின் அழிவுக்கு அஞ்சித் தானே துலையில் ஏறியவனாக அவன் காட்டப்படுகிறான். புறாவும் பருந்தும் அவனிடம் எதையும் கேட்டதாக அப்பாடல் கூறவில்லை. பிறிதோர் உயிரின் அழிவுக்கு அவன் அஞ்சிய அச்சமே அச்செயலின் ஊற்றாகும். அன்புடையார் என்பும் பிறர்க்கு உரியர் என்னும் பொருளமைந்த குறளுக்கு (72) உரை கண்ட பரிமேலழகர், இப்புறநானூற்றுச் செய்தியையே எடுத்துக்காட்டாகத் தருவது குறிப்பிடத்தக்கது. அக்குறளில் பேசப்படுவோர் அன்புடையார். பிறர் அவர்பால் உரிமை கோருவதாக அங்கு எதுவுமில்லை. அன்புடையவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தைக் கூறும் அக்குறளைப் பிறர்மேல் சுமத்தும் கடமையாக மாற்றுவது உரை மரபுக்கு முரணானது.

கண்ணப்பர் வரலாற்றில் இது மேலும் தெளிவாகிறது. சேக்கிழார் காட்டும் திண்ணனார், இறைவன் வலக்கண்ணில் குருதி பெருகக் கண்டதும், முதலில் தீங்கு செய்தவரைத் தேடுகிறார். அடுத்து மருந்திலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிகிறார். அவை பயன்படாத நிலையிலேயே ஊனுக்கு ஊனே மருந்து என்னும் முதுமொழி அவர் நினைவுக்கு வருகிறது. அவர் பிறர் எவரிடமும் கண்ணைக் கேட்கவில்லை. தம் கண்ணையே அகழ்ந்து அப்புகிறார். கண்ணும் சிறுநீரகத்தைப் போல இரட்டை உறுப்பாதல் இங்கு எண்ணத்தக்கது. முதற் கண்ணை வழங்கியபோது தடுக்காத இறைவன், இரண்டாவது கண்ணை அகழ முற்பட்டபோது கையைப் பற்றித் தடுக்கிறார். கொடைக்கு எல்லை வகுப்பவர் கொடையைப் பெறுபவரே என்பது இக்காட்சியின் உட்பொருள். பக்தியின் உச்சமாகவே இது பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. பெறுபவரின் கடமையைக் கூறும் காட்சியாகவும் இதனைப் படித்தல் தகும்.

குமணன் செய்தி மற்றொரு வகையில் துணைசெய்கிறது. பெருந்தலைச் சாத்தனார் தம் இல்லத்தில் அடுப்பு எரியாது கிடப்பதையும் பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழந்தையையும் கூறிப் பாடுகிறார் (புறம். 164). நாடிழந்து காட்டில் வாழும் குமணனிடம் தருவதற்குப் பொருளில்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருந்தமையால், அதனைக் கொய்து கொண்டு பொருள் பெறுமாறு வாளை நீட்டுகிறான். சாத்தனார் வாளை மட்டும் பெற்று இளங்குமணனிடம் சென்று அச்செய்தியைப் பாடுகிறார் (புறம். 165). அவர் தலையைக் கேட்கவில்லை, தரப்பட்டபோதும் கொள்ளவில்லை. வறுமையின் எல்லையில் நின்ற ஒருவர், பிறர் உடலால் தம் துயர் தீர்வதை மறுத்த இச்செயல் கொடையினும் குறைந்ததன்று.

கேளாமல் கொடுக்கும் இம்மரபுக்கு அண்மைக் காலச் சான்றுகளும் உள்ளன. கேரளத்தில் டேவிஸ் சிரமேல் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் 2009இலும், தொழிலதிபர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2011இலும் தமக்கு உறவல்லாத ஒருவருக்குத் தம் சிறுநீரகத்தை முன்வந்து வழங்கினர். சிபியின் கொடைக்கு இவை நெருங்கியவை. அவர்களை எவரும் கொடு என்று ஏவவில்லை.

கேட்டுப் பெற்றோர்

கேட்கப்பட்டு உடல் வழங்கிய செய்திகளைத் தொகுத்து நோக்கின் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. கர்ணனிடம் கவச குண்டலங்களைக் கேட்க வரும் இந்திரன் அந்தணன் உருவில் வருகிறான். சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்கும் இறைவன் பைரவ அடியாராக வருகிறார். கேட்பவர் இருவரும் தம் உண்மை உருவில் வரவில்லை. கேட்கப்படுபவர் இருவரும் மறுக்க இயலாதவர். கர்ணன் தன் கொடை நோன்பாலும், சிறுத்தொண்டர் தம் அடியார் தொண்டாலும் கட்டுண்டவர்கள். மறுக்க இயலாதவரிடம் மாற்றுருவில் கேட்பது என்பதே இக்கதைகளின் அமைப்பு. சிறுத்தொண்டர் வரலாற்றில் உடலை இழக்கும் சீராளனின் விருப்பம் கேட்கப்படவேயில்லை. பெற்றோர் மகிழ்வதைக் கண்டு தானும் மகிழ்ந்து சிரிப்பவனாகவே சேக்கிழார் அக்குழந்தையைக் காட்டுகிறார். இறுதியில் குழந்தை உயிர்பெற்று வருவதால் அடியார் வரலாறு நிறைவடைகிறது. மருத்துவ உலகில் அத்தகைய மீட்சி இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் உயிருடன் இருக்கும்போது உறுப்பு எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதன் காரணம் இதுவே.

குடும்பத்துக்குள் நிகழும் தேடலுக்கு மிக நெருங்கியது மகாபாரதத்து யயாதியின் கதையாகும். சாபத்தால் முதுமையுற்ற யயாதி, தன் முதுமையை ஏற்று இளமையைத் தருமாறு மைந்தர் ஐவரையும் வரிசையாகக் கேட்கிறான். யது, துர்வசு, துருஹ்யு, அனு ஆகிய நால்வரும் மறுத்துத் தந்தையின் சாபத்தைப் பெறுகின்றனர். இளையவனாகிய பூரு இசைந்து அரசுரிமை பெறுகிறான். கொடுப்பவனுக்குப் பரிசும் மறுப்பவனுக்குத் தண்டனையும் அமைந்த இடத்தில் ஒப்புதலின் தன்மை என்ன என்னும் வினாவை இக்கதை எழுப்புகிறது. தொல்காப்பியர் வகுத்த உயர்ந்தோன் கூற்றாகிய கொடு என்பதன் காவிய வடிவம் எனலாம்.

கிரீஷ் கர்னாட் 1961இல் வெளியிட்ட ‘யயாதி’ என்னும் கன்னட நாடகம் இவ்வினாவைக் கொடுப்பவனின் மனைவியின் பார்வையிலிருந்து எழுப்புகிறது. பூருவின் இளம் மனைவி சித்ரலேகா, தன் கணவன் முதுமையேற்றதை ஏற்க மறுக்கிறாள். மாமனாரை எதிர்த்து வாதிடுகிறாள். இறுதியில் நஞ்சுண்டு மடிகிறாள். அதன் பின்னரே யயாதி முதுமையைத் திரும்ப ஏற்கிறான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கொடை, வேறொருத்தியின் வாழ்வையும் உள்ளடக்கியது என்பதைக் கர்னாட் உணர்த்துகிறார்.

இந்தியச் சூழலில் இதற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. உயிருடன் சிறுநீரகம் வழங்குவோருள் பெரும்பான்மையர் பெண்களாகவும், பெறுவோருள் பெரும்பான்மையர் ஆண்களாகவும் உள்ளனர். தாயும் மனைவியுமே முதலில் முன்வருகின்றனர்; அல்லது முதலில் நோக்கப்படுகின்றனர். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எளிதன்று. 2014ஆம் ஆண்டு விதிகள், கொடுப்பவர் பெண்ணாயின் கூடுதல் கவனம் வேண்டும் என்றும், அவருடைய தன்னிச்சையான ஒப்புதலைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறுவது இந்நிலையை உணர்ந்தேயாகும். புறப்பாடல்கள் பாடிய வள்ளல்கள் ஆண்கள். இன்று தம் உடலின் ஒரு பகுதியை வழங்கும் பெண்களுக்குப் பாடாண் திணையில் இடமில்லை. சித்ரலேகாவைப் போல் மறுப்பவளுக்கோ பழியே எஞ்சுகிறது.

விலையும் மாற்றுருவும்

வீட்டுக்குள் தேடல் தோற்றபோது அது சந்தையை நாடியது. 1980களிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் சிறுநீரக விற்பனை மிகுதியாக நடைபெற்ற சென்னை வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ என்றே அழைக்கப்பட்டது. ஊர்ப்பெயரின் ஈற்றை வைத்துக்கொண்டு முதலை மாற்றிய இப்பெயர், மக்கள் வழக்கில் தோன்றிய கசப்பான அங்கதமாகும். 2002இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றியது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர். அதன் பின்னர் அவர்தம் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 79 விழுக்காட்டினர் தம்மைப் போல் விற்குமாறு பிறருக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்றனர்.

ஆற்றுப்படை இலக்கியத்தில், பெற்று வருபவன் பெறாதவனுக்கு வழி காட்டுகிறான். தான் பெற்ற வளத்தைப் பிறனும் பெற வேண்டும் என்பதே அவன் நோக்கம். வழிகாட்டியதற்கு அவன் கூலி பெறுவதில்லை. சிறுநீரகத் தரகன் இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறான். பெறாதவனை இல்லாதவனிடமே ஆற்றுப்படுத்துகிறான். இருபாலும் பொருள் கொள்கிறான். அங்கீகாரக் குழுவின் முன் அன்பையும் உறவையும் ஆவணங்களால் போலியாகப் படைக்கிறான். அன்பை அடைத்து வைக்க இயலாது, கண்ணீரே அதனைக் காட்டிவிடும் என்று கருதிய வள்ளுவர் காலத்து அன்பு, இன்று சான்றிதழால் மெய்ப்பிக்க வேண்டியதாகிவிட்டது.

இச்சந்தையை முன்வைத்து எழுந்த இந்திய நாடகங்களுள் மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹார்வெஸ்ட்’ குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நாடகம் 1997இல் கிரேக்க நாட்டின் ஒனாசிஸ் பரிசைப் பெற்றது. மும்பையின் சிற்றறையொன்றில் வாழும் ஓம், வேலையிழந்த நிலையில் தன் உறுப்புகளை வெளிநாட்டவர்க்கு வழங்க ஒப்பந்தம் செய்கிறான். பெறுபவர் ஜின்னி என்னும் அழகிய பெண்ணாகத் திரையில் மட்டும் தோன்றுகிறார். உறுப்பெடுக்க வரும் காவலர் ஓமுக்கு மாறாக அவன் தம்பி ஜீத்துவைக் கொண்டு செல்கின்றனர். ஜின்னி என்பது விர்ஜில் என்னும் ஆடவன் பூண்ட மாற்றுரு என்பது பின்னர்த் தெரிகிறது. நாடக இறுதியில் ஓமின் மனைவி ஜெயா, கதவடைத்து நின்று, தன்னை வேண்டுபவன் திரையில் அல்லாமல் நேரில் வர வேண்டும் என்கிறாள்; இல்லையேல் உயிர் துறப்பேன் என்கிறாள்.

இந்திரனின் அந்தண உருவமும் ஜின்னியின் திரை உருவமும் ஒரே பணியைச் செய்கின்றன. கேட்பவனின் முகத்தை அவை மறைக்கின்றன. ஜெயாவின் கோரிக்கை, உடலைக் கேட்பவன் தன் உடலோடு வந்து கேட்க வேண்டும் என்பதாகும். கர்ணனிடமும் சிறுத்தொண்டரிடமும் எழாத இக்கோரிக்கையை ஒரு பெண்பாத்திரம் எழுப்புவது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

மறுத்தலின் அறம்

இனி, மறுப்பவரைப் பற்றித் தமிழ் மரபு கூறுவது என்ன என்பதைக் காணவேண்டும். கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்றுப் பாடல் (204) இவ்வகையில் முதன்மையானது. ஈ என இரத்தல் இழிவு; இல்லை என மறுத்தல் அதனினும் இழிவு; கொள் என முன்வந்து கொடுத்தல் உயர்வு; கொள்ளேன் என்பது அதனினும் உயர்வு என அப்பாடல் நான்கு நிலைகளை வகுக்கிறது. மேலோட்டமாக நோக்கின், சிறுநீரகம் கொடுக்க மறுப்பவரை இப்பாடல் இழிந்தவராகக் காட்டுவதுபோல் தோன்றும். மறுப்பவரின் சொல் கேட்ட அளவிலேயே இரப்பவர்க்கு உயிர் போகிறதே, மறுப்பவர்க்கு உயிர் எங்கு ஒளிந்திருக்குமோ என்னும் கருத்தமைந்த குறளும் (1070) அவ்வாறே தோன்றும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வள்ளுவர் இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்களில் பழிப்பது கரத்தலை. கரத்தல் என்பது உள்ள பொருளை ஒளித்தல். பொருளுடையவன் அதனை ஒளிப்பது குற்றமாகலாம். உடலில் இயங்கும் உறுப்பு ஒளித்துவைத்த பொருள் ஆகாது. ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழ இயலும் என்பது மருத்துவ உண்மையே. ஆயினும் அதனால் மற்றது மிகைப்பொருள் ஆகிவிடுவதில்லை. பொருட்கொடையின் அளவுகோலால் உடற்கொடையை அளப்பதே இங்கு நிகழும் பிழை.

இரண்டாவது செய்தி மேலும் இன்றியமையாதது. எடுத்தாள்வோர் பெரும்பாலும் புறம் 204இன் தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். அப்பாடல் அங்கு முடிவதில்லை. உள்ளத்தில் ஒருவரை நினைத்துச் சென்று பெறாது திரும்புவோர், பறவைச் சகுனத்தையும் புறப்பட்ட வேளையையும் பழிப்பரேயன்றித் தாம் நாடிச் சென்றவரைப் பழியார் என்று அது தொடர்கிறது. ஆதலால் உன்னை வெறுக்க மாட்டேன் என்று புலவர் ஓரியை வாழ்த்தி முடிக்கிறார். மறுத்தல் இழிவு என்று தொடங்கிய பாடல், மறுக்கப்பட்டவன் மறுத்தவனைப் பழிக்கலாகாது என்று நிறைவடைகிறது. மறுத்தலின் இழிவை மறுத்தவன் தானே உணரலாம். அதனைச் சுட்டிக்காட்டும் உரிமை கேட்டவனுக்கு இல்லை.

இக்கருத்துக்கு இன்றைய மருத்துவ நடைமுறையில் ஓர் இணை உண்டு. கொடுக்க முன்வந்தவர்போல் தோன்றும் உறவினர், தமக்கு விருப்பமில்லை என்று மருத்துவரிடம் தனிமையில் கூறக்கூடும். அந்நிலையில் அவர் கொடைக்கு ஏற்றவர் அல்லர் என்பதை மட்டும் குடும்பத்தாருக்குத் தெரிவித்து, அவருடைய மறுப்பைக் காத்துவைப்பது மருத்துவ அறவியலில் விவாதிக்கப்படும் வழிமுறையாகும். மருத்துவர் முழு உண்மையையும் கூறாமை தகுமா என்னும் எதிர்வினாவும் அவ்விவாதத்தில் உண்டு. குருதி வகையின்மேலும் திசுப் பொருத்தத்தின்மேலும் பழி விழ, உறவு காக்கப்படுகிறது. புலவர் சகுனத்தின்மேலும் வேளையின்மேலும் பழியை ஏற்றியதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் மீண்டும் முகம் பார்த்து வாழ வேண்டும் என்பதே அந்நோக்கம்.

பாடலின் நான்காம் நிலையாகிய கொள்ளேன் என்பதும் சிறுநீரகத் தேடலில் அரிதாகக் காணப்படுவதன்று. மகனோ மகளோ தர முன்வந்தும் ஏற்க மறுத்து டயாலிசிசிலேயே தொடரும் பெற்றோர் உளர். இதனை உயர்ந்தது என்று பாடல் கூறினாலும், எல்லா இடத்தும் இதனை அறமாகக் கொள்வது பொருந்தாது. முன்வருபவரின் விருப்பம் உண்மையானதாகவும் உடல்நலம் ஏற்றதாகவும் இருப்பின், அதனை ஏற்பதும் ஒப்போர்க்கிடையே நிகழும் தா என்பதன் நிறைவேயாகும். பெறுபவர் தம்மை இழிந்தவராகக் கருத வேண்டியதில்லை. வள்ளுவர் இரவச்சத்துக்கு முன் இரவு என்னும் அதிகாரத்தை அமைத்து, கரவாதவரிடம் இரத்தலும் ஈதலைப் போன்றதே என்று கருதியிருப்பது இங்கு நினையத்தக்கது.

முடிவுரை

தமிழ்க் கொடை மரபில் உடற்கொடை பெரிதும் போற்றப்படும் இடங்கள், கேளாமல் கொடுக்கப்பட்ட இடங்களாகவே உள்ளன. கேட்டுப் பெற்ற இடங்களில் கேட்பவர் மாற்றுருவில் வருகிறார். அல்லது மறுப்பவரைச் சபிக்கும் அதிகாரத்தோடு வருகிறார். அவ்விடங்களில் இலக்கியம் கொடுப்பவரைப் போற்றினாலும் கேட்பவரின் முறையை நேரிய முறையாகக் காட்டவில்லை. ஆகவே, உயிருள்ள உறவினரிடம் சிறுநீரகம் கேட்பதற்குச் சிபியையும் கண்ணப்பரையும் சான்றாகக் காட்டுவது அவ்வரலாறுகளின் இயல்புக்குப் பொருந்துவதன்று.

அதே மரபு, கேட்பதற்கான நெறியையும் தன்னுள் கொண்டுள்ளது. ஒப்போன் கூற்றாகிய தா என்னும் சொல், தரப்பட்ட தலையைக் கொய்யாத சாத்தனாரின் செயல், இரண்டாவது கண்ணைத் தடுத்த கை, பெறாது திரும்பியும் பழிக்காத புலவரின் வாழ்த்து ஆகியவை அந்நெறியின் கூறுகள். சட்டமும் அங்கீகாரக் குழுவும் ஒப்புதல் தாளில் இட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். அக்கையொப்பத்துக்கு முன் வீட்டின் கூடத்தில் எந்தச் சொல்லால் கேட்கப்பட்டது என்பதை அவை முழுமையாக அறிதல் அரிது. கொடை இலக்கியத்தை எடுத்துரைப்போர், கொடுத்தவரைப் பாடும்போதே மறுத்தவரைப் பழியாத அப்புறப்பாடலின் இறுதியையும் சேர்த்துக் கூறுவாராயின், தேடுபவர், தருபவர், தர இயலாதவர் ஆகிய மூவருக்கும் அது துணையாகும்.